பிள்ளைகள் என்றால் யார்?

"அத்தை, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளக்கமாறு கொண்டு போகணும்."

அரையாண்டு விடுமுறையின் கடைசி இரவு. அய்யலூரில் தம்பி வீட்டில் இருந்தேன். நான்காம் வகுப்புப் படிக்கும் தம்பி மகள் புத்தகப் பையைத் தட்டித் துடைத்து வைத்துவிட்டு, கொல்லையில் நல்ல விளக்குமாறாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"யாரு கொண்டுவரச் சொன்னா?"

"டீச்சர்தான். லீவு விடும்போதே சொல்லிட்டாங்க. நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைக எல்லாரும் கொண்டு வரணும்."

"பயலுகளுமா?"

படித்த அத்தைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பார்த்தாள். "பிள்ளைகன்னுதான அத்தை சொன்னேன்."

திண்டுக்கல், மதுரைப் பக்கத்துப் பேச்சில் 'பிள்ளைக' என்றால் பெண் குழந்தைகள். ஆண் குழந்தைகள் 'பயலுக'. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் என்று ஒன்பதைச் சொல்கிறது. அதில் 'பிள்ளை'யும் ஒன்று. அங்கே அந்தச் சொல்லுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. பால் பேதமற்ற அந்தச் சொல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளக்குமாற்றோடு சேர்ந்து வரும்போது யாரைக் குறிக்கிறது என்பதில் ஒன்பது வயதுக் குழந்தைக்குக்கூடக் குழப்பம் இல்லை.

எனக்கும் அந்த வயதில் குழப்பம் இருந்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் நான் படித்ததும் இதே வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிதான். அரையாண்டுப் பரீட்சை முடிந்து, விடுமுறை கழிந்து, மார்கழிக் குளிரில் பள்ளிக்கூடம் போனால் முதல் நாள் பாடம் நடக்காது. நாங்கள் கூட்டுவோம், தண்ணீர் தெளிப்போம், வாசலில் கோலம் போடுவோம். பயலுகள் வேப்பமரத்தடியில் கோலி விளையாடுவார்கள். "பிள்ளைகதான் சுத்தமா செய்யும்" என்று டீச்சர் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமை என் கையில் எதைக் கட்டிவிட்டது என்று தெரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று. அதற்குள் விடுதி அறை, வாடகை வீடு, கல்லூரித் துறை அறை என்று போன இடமெல்லாம் யாரும் சொல்லாமலே கூட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளோடு நானும் பள்ளிக்கூடம் போனேன். பத்து நாள் ஆளில்லாமல் கிடந்த கட்டடம். வராண்டாவில் ஆட்டுப் புழுக்கை, வேப்பஞ்சருகு. அவற்றோடு காலி பிராந்தி பாட்டில்கள், பிளாஸ்டிக் டம்ளர்கள், ஊறுகாய்ப் பாக்கெட்டுகள், ஒரு மூலையில் வாந்தி. புத்தாண்டு இரவை ஊர் ஆண்கள் அங்கேதான் கொண்டாடியிருக்கிறார்கள். நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினார்கள். பயலுகள் மேசையைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். அது 'கனமான வேலை'. பிறகு பந்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டி முடித்த வராண்டாவில் செம்மண் காலோடு இரண்டு முறை ஓடித் திரும்பினார்கள். பிள்ளைகள் திரும்பவும் கூட்டினார்கள்.

பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வரும். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. சிற்றில் பருவத்தில் பெண் குழந்தைகள் மணலில் சிறு வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான ஆண் குழந்தை காலால் அதைச் சிதைக்க வருகிறான். வேண்டாம் என்று இவர்கள் கெஞ்சுகிறார்கள். அதை அழகு என்று நூற்றாண்டுகளாகப் பாடிவிட்டோம். கட்டுவது இவள் விளையாட்டு, சிதைப்பது அவன் விளையாட்டு. இவள் ஏன் கெஞ்ச வேண்டும் என்று வகுப்பில் ஒரு மாணவி ஒரு முறை கேட்டாள். முனைவர் பட்டம் வாங்கிய என்னிடம் பதில் இல்லை.

தலைமையாசிரியையிடம் பேசினேன். கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் பென்சில் வாங்கித் தருகிறவர்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? தூய்மைப் பணிக்கு ஒரு அம்மா வருவாங்க. பகுதி நேரம். அவங்க சம்பளம் எப்ப வரும்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திறக்கிற அன்னைக்கு வளாகம் சுத்தமா இருக்கணும்னு மேல இருந்து சொல்லிருவாங்க. எப்படிச் சுத்தமாகும்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"சரிங்க டீச்சர், பையன்களையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாமே?"

சிரித்தார். "அவனுகள விட்டா வெளக்கமாறெ வச்சுச் சண்டை போடுவானுக. பிள்ளைகன்னா பொறுப்பா செஞ்சிரும்."

இந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஒழுங்காக வேலை செய்கிறவளுக்குக் கூடுதல் வேலை, ஒழுங்கீனமாகச் செய்கிறவனுக்கு விடுதலை. இது எந்த ஊர் நியாயம்? கணக்குத் தப்பாகப் போடுகிற பையனுக்கு இனிக் கணக்கே வேண்டாம் என்று எந்த டீச்சராவது சொல்வாரா? கூடுதலாக நான்கு கணக்குக் கொடுப்பார். கூட்டத் தெரியாத பையனுக்கு மட்டும் மைதானம் ஏன்? தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம்? வேலையைக் கெடுத்துவிட்டால் அந்த வேலை தன்னிடம் வராது என்று எட்டு வயதில் அவன் தெரிந்துகொள்கிறான். இருபத்தெட்டு வயதில் டீயைக் கருகவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது" என்று பெண்டாட்டியிடம் சொல்லச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பள்ளிக்கூடம்தான்.

முதல் நாள் பாடம் ஒன்றும் நடக்காமல் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் "விடுமுறையை எப்படிக் கழித்தாய்?" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். மாலையில் தம்பி மகளின் நோட்டைப் பார்த்தேன். பாத்திரம் கழுவினேன், தம்பியைப் பார்த்துக்கொண்டேன், தண்ணீர் பிடித்தேன், அம்மாச்சியோடு தக்காளி பறிக்கப் போனேன் என்று வரிசையாக எழுதியிருந்தாள். கடைசி வரி: 'விடுமுறை மகிழ்ச்சியாக இருந்தது.' பக்கத்து வீட்டுப் பையனும் அதே வகுப்புதான். அப்பாவோடு அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்குப் போய்க் கிடா பார்த்தது, சண்டைச் சேவல் பார்த்தது, கிணற்றில் குதித்தது, கிரிக்கெட் விளையாடியது என்று அவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே மாதிரி சரி குறி.

தம்பி மனைவி வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போகிறாள். விடியுமுன் மில் வேன் வந்துவிடும். பள்ளிக்கூட நாட்களில் காலை உணவும் சத்துணவும் இருப்பதால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. விடுமுறை விட்டால் மூன்று வேளைச் சோறும் கைக்குழந்தையும் வீட்டுக்குள் வந்து நிற்கும். மில்லுக்கு அரையாண்டு விடுமுறை கிடையாது. அம்மா விட்டுப்போன வேலை மகள் கைக்கு வருகிறது. என் தம்பிக்கும் இரண்டு கைகள் உண்டு என்பதை அந்த வீட்டில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. போன முறைவரை நானும் ஞாபகப்படுத்தியதில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் சம்பளமில்லாமல் உழைப்பதாகச் சொல்கிறது. ஆண்களுக்கு 97 நிமிடம். அந்தக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்து ஆட்களை எண்ணியது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் அதற்குள் இருக்கிறாள். வீட்டில் பத்து நாள் வேலை பார்த்தவள் பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கேயும் விளக்குமாறு பிடிக்கிறாள். வீட்டில் நடக்கும் அநியாயத்துக்கு ஒரு மாற்று இடமாக இருக்கவேண்டிய பள்ளிக்கூடம், "வீட்டில் சொன்னது சரிதான்" என்று முத்திரை குத்தி அனுப்புகிறது.

இதைப் பேசினால் உடனே ஜப்பானைக் காட்டுவார்கள். அங்கே குழந்தைகள்தான் பள்ளியைச் சுத்தம் செய்கிறார்கள், உழைப்பை மதிக்கக் கற்கிறார்கள், நம் குழந்தைகள் கூட்டினால் என்ன கேவலமா? கேவலம் இல்லை. குழந்தைகள் தாங்கள் உட்காரும் இடத்தைத் துடைக்கக் கற்பது நல்லதுதான். ஆனால் ஜப்பான் பள்ளியில் பையனும் பெண்ணும் குழு குழுவாக, முறை வைத்துச் செய்கிறார்கள். அங்கே அது எல்லோருக்குமான பாடம். இங்கே அது சிலருக்கு மட்டும் விதிக்கப்பட்ட வேலை. ஜப்பானைக் காட்டுகிறவர்கள் தங்கள் மகன் கையில் விளக்குமாறு இருக்கும் போட்டோவையும் சேர்த்துக் காட்டட்டும்.

'சிலருக்கு' என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குள் நான் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. என் கைக்கு வந்தது வகுப்பறை விளக்குமாறு. தண்ணீர்ப் பானை நிரப்பும் வேலையும் எனக்குத்தான். என் வகுப்பில் காலனியிலிருந்து வந்த ஒருத்திக்குப் பானையைத் தொடும் வேலை வந்ததே இல்லை. வெளியே ஆட்டுப் புழுக்கை அள்ளுவதும் செத்த எலியைத் தூக்கிப் போடுவதும்தான் அவளுக்கு. டீச்சர் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார். கை காட்டுவார், அவ்வளவுதான். என் பெருமை அவள் தலையில் ஏறி நின்ற பெருமை. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரையில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவவைத்ததாகத் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். டெங்குக் காய்ச்சலில் விழுந்த ஒரு பையன் வீட்டில் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கழிப்பறை என்று வந்ததும் சாதி பையன்களையும் விட்டுவைக்கவில்லை. பெண்ணுக்கு வகுப்பறை, தலித் குழந்தைக்குக் கழிப்பறை என்று பள்ளிக்கூடம் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று அச்சடித்துக் கொடுக்கிறது. ஆகவே, விளக்குமாறு பையனுக்கும் போகட்டும் என்று மட்டும் நாம் கேட்டால் போதாது. எந்தப் பையனுக்கு என்றும் கேட்க வேண்டும்.

ஜனவரி 3 சாவித்திரிபாய் புலே பிறந்த நாள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதை ஒட்டி வருகிற நாள். 1848இல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போன அவர்மீது சாணியும் சேறும் எறிந்தார்கள். மாற்றிக்கட்ட ஒரு புடவையைக் கையோடு எடுத்துப் போனார் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு. பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள் அன்று. இன்று விடுகிறார்கள், விளக்குமாற்றோடு.

நம் கோரிக்கைகள் ஒன்றும் பெரியவை இல்லை. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் முழுநேரத் தூய்மைப் பணியாளர் வேண்டும். அவருக்கு மாதம் தவறாமல், வாழப் போதுமான சம்பளம் வேண்டும். கழிப்பறையும் பாட்டில் துண்டும் எந்தக் குழந்தையின் வேலையும் இல்லை. விடுமுறையில் பள்ளி வளாகத்தில் குடிக்கிற ஆண்களை ஊராட்சி தடுக்கட்டும். முடியாவிட்டால் அவர்களையே அழைத்து வந்து அள்ளச் சொல்லட்டும். வகுப்பறையைக் குழந்தைகள் கூட்டுவது என்றால் எல்லாக் குழந்தைகளும் கூட்டட்டும், டீச்சரும் சேர்ந்து. கேரளத்தில் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தது. நம் புத்தகத்திலும் வரட்டும். ஆனால் படத்தைப் பார்த்துக் கற்பதைவிடப் பக்கத்து பெஞ்சுப் பையன் கூட்டுவதைப் பார்த்துக் குழந்தைகள் வேகமாகக் கற்பார்கள்.

அன்று தலைமையாசிரியை நான் கேட்டதற்காகப் பையன்களைக் கூப்பிட்டார். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கூட்டினார்கள். ஒருவன், "எங்கம்மா பாத்தா வையும்" என்று மறுத்துவிட்டான். மகனைக் கூட்டவிட்டது யார் என்று ஆத்திரப்படும் அம்மாக்களும் நம்மில் உண்டு. அவர்களோடும் நாம் பேசவேண்டியிருக்கிறது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று மாலை தம்பி மகளுக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு யாருடா கூட்டினா?"

"நாங்கதான் அத்தை. பயலுக அன்னைக்கு ஒரு நாள்தான். நீங்க வந்ததுனால."

இதை வாசிக்கும் உங்களில் பலர் பி.எட். முடிப்பீர்கள், தொடக்கப் பள்ளி டீச்சராகப் போவீர்கள். நான் ஒரு நாள் போய்ச் செய்ய முடியாததை நீங்கள் தினமும் செய்ய முடியும். நம் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் பெரும்பாலும் பையன்கள் பெயர்தான் முதலில் இருக்கும். அவர்கள் முடிந்த பிறகு பிள்ளைகள் பெயர். கூட்டும் வேலைக்கும் அதே பதிவேட்டை எடுங்கள். முதல் பெயரிலிருந்து கூப்பிடுங்கள்.