ரோடு நமக்கும் சேர்த்துத்தான்!

காலை எட்டு மணிக்குத் திருநின்றவூரில் சி.டி.எச். ரோட்டைக் கடந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் லாரி, நடுவே புத்தகப்பையோடு நம் குழந்தைகள். "தாண்டறதுக்குள்ளே உயிர் போய் உயிர் வருது மாமி!" என்கிறாள் எதிர்வீட்டுப் பெண்.

புலம்பினால் போதுமா, சகோதரிகளே? 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறியதும் கேலி பேசிய வாய்கள் அடைத்துப் போயின. ஒருத்தி போனால் வேடிக்கை. ஊரே போனால் வழக்கம்!

எங்கள் தெருவில் நாலு வீட்டார் முறை வைத்துக் குழந்தைகளைச் சேர்த்து அழைத்துப் போகிறோம். என் முறை வியாழக்கிழமை. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாது. அதட்டிப் பயனில்லை, கையைப் பிடியுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். சைக்கிள் என்றால் இடப்பக்கம். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கட்டும். பிரேக்கை வாராவாரம் நீங்களே பிடித்துப் பாருங்கள்.

நம் ஊர் 2021-ல் நகராட்சியாகிவிட்டது. அழிந்த கோடு, எரியாத விளக்கு எல்லாவற்றையும் எழுதி, சேர்ந்து கையெழுத்திட்டு நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் நழுவாதீர்கள். ரோட்டைத் தாண்டுவது உங்கள் குழந்தையல்லவா?