மெக்கானிக்குக்குத் தெரியாதுங்களா, தெரிய விடலீங்களா?

கார்ல இஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு லைட்டு எரிஞ்சா டவுன்ல இருக்கற என் நண்பர்கள் நேரா ஷோரூமுக்கு ஃபோன் போடறாங்க. சொன்ன தொகையைக் கட்டிட்டு வர்றாங்க. "இன்னும் ஊரு மெக்கானிக்குட்டயா விடறீங்க? இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் வண்டி, அவனுக்கு என்னங்க தெரியும்?"னு எனக்கும் புத்தி சொல்றாங்க. தெரியாதுன்னே வெச்சுக்குவோம். தெரிய விடாமப் பண்ணுனது யாருங்க?

ஆக்சிஜன் சென்சாரையே எடுத்துக்குவோம். ஸ்பார்க் பிளக்குக்குப் பங்காளி மாதிரி இருக்கும், சைலன்சர் குழாய்ல முறுக்கி வெச்சிருப்பாங்க. உள்ள சிர்கோனியான்னு ஒரு பீங்கான். புகையில ஆக்சிஜன் மிச்சமிருந்தா 0.1 வோல்ட் பக்கம் காட்டும், பெட்ரோல் கூடிப் போனா 0.9 வோல்ட் பக்கம். அதை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுது, குறைக்குது. 1976லயே வோல்வோ கார்ல வந்த சாமான், பாஷ் கம்பெனி செஞ்சது. ராக்கெட் ரகசியம் ஒண்ணும் கிடையாது.

பெரும்பாலான பெட்ரோல் கார்ல இது ரெண்டு இருக்கும். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நொய்யல் கரைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்ல. சாயப்பட்டறைக்கு மேல ஒரு சொம்பு, கீழ ஒரு சொம்பு தண்ணி மொண்டு பாத்தாத்தான சங்கதி தெரியும்!

ஸ்கேனர்ல கோடு வந்துட்டா சென்சார் போச்சுன்னு அர்த்தமில்ல. பி0135னு வந்தா, முன் சென்சாரைச் சூடாக்கற ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறு. ஃபியூஸா இருக்கலாம். எலி கடிச்ச வயரா இருக்கலாம் (சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்துல காரை நிறுத்தறவங்க கவனிங்க). இதெல்லாம் பாத்த பின்னாடிதான் சென்சார் மேல கை வைக்கணும்.

என் வண்டிக்கு இதே கோடுதான் வந்துச்சு. டவுன்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல ரெண்டு சென்சாரையும் மாத்தணும்னு எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாங்க. பின்னாடி இருக்கறது என்னங்க பாவம் பண்ணுச்சுன்னு கேட்டா, "செட்டா மாத்தறதுதான் சார் நல்லது"ங்கறாங்க. செட்டா மாத்தறதுக்கு அது என்ன செருப்பா?

எங்கூரு மெக்கானிக்கு முதல்ல ஃபியூஸைப் பாத்தாரு. நல்லா இருந்துச்சு. அப்பறம் சாக்கெட்டைக் கழட்டி, சென்சார்ல வர்ற ரெண்டு வெள்ளை வயர்லயும் மல்டிமீட்டரை வெச்சாரு. நல்ல ஹீட்டர்னா சில ஓம் காட்டணும், இது அசையவே இல்ல. உள்ள கம்பி அறுந்திருக்கு. இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, வெதுவெதுப்பா இருக்கறப்ப மரையில ஆயில் விட்டு 22 ஸ்பேனர்ல கழட்டுனாரு. புதுசு முனையில கைபடாமப் பொருத்துனாரு. முன் சென்சார் ஒண்ணுதான் மாத்துனது. லைட்டு அணைஞ்சுது.

கழட்டி மாட்ட அரை மணி நேரம்தான். எந்த வயர் எங்க போகுதுன்னு தேடுனதுதான் அரை நாள். அந்த வயரிங் படம் கம்பெனி சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குது. சில்லறை ஸ்கேனர் பொதுவான கோடுகளைப் படிச்சுரும், ஆனா கம்பெனிக்காரங்க தனியா வெச்சிருக்கற கோடுன்னா முழிக்கும்.

இது என் வயித்தெரிச்சல்னு நினைக்காதீங்க. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ல குடுத்த உத்தரவைப் பாருங்க. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டுபிடிக்கற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம வெச்சிருந்ததுக்கு 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம். அதையெல்லாம் வெளிய கிடைக்கச் செய்யணும், வெளிய ரிப்பேர் பண்ணுனாங்கங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்துப் பண்ணக் கூடாதுன்னும் சொன்னாங்க. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளமே தொடங்குச்சு. கார், விவசாயக் கருவி எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்குது. ஆனா எங்கூரு மெக்கானிக் கையில இன்னிக்கும் மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்குது.

பல்லடத்துப் பக்கம் தறி நின்னா ஃபிட்டர் வந்து பாகம் பாகமா பிரிச்சுப் போட்டு, ராத்திரிக்குள்ள ஓட விட்டுருவாரு. கிணத்து மோட்டார் புகைஞ்சா காயில் கட்டறதுக்கு ஊருக்கு ஊரு ஆளிருக்கு. நீங்க போட்டிருக்கற பனியனே இப்படி ரிப்பேர் பண்ணிப் பண்ணி ஓட்டுற மெஷின்ல நெய்ஞ்சதா இருக்கலாம். இந்தக் கைகளுக்குக் கார் மட்டும் புரியாமப் போயிருமா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். லைட்டு வயரை வெட்டி விட்டுட்டு "சரியாயிருச்சு"ங்கற மெக்கானிக்கும் இருக்காங்க. அவங்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஏர்பேக்கு, பிரேக்குன்னா பயிற்சி இல்லாதவங்க தொடவே கூடாது. அந்தப் பயிற்சியைக் குடுங்க, படத்தைக் காசுக்கு வில்லுங்கன்னுதான் கேக்கறோம். யாரும் இனாமாக் கேக்கல.

நீங்க செய்யறதுக்கும் வேலை இருக்குதுங்க. அடுத்த தடவை எஸ்டிமேட் நீட்டுனா கோடு நம்பர் என்னன்னு எழுதி வாங்குங்க. ஃபியூஸ் பாத்தீங்களா, வயர் பாத்தீங்களா, மீட்டர்ல எத்தனை ஓம் காட்டுச்சுன்னு கேளுங்க. கழட்டுன பழைய சென்சாரைக் கையில வாங்குங்க. பதில் வரலைன்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி வண்டிச் சாவியை வாங்கிட்டு வெளிய வந்துருங்க.