மிருதங்கத்தின் நடுவில் ஒரு கணிதம்

வீணையில் ஒரு ஸட்ஜமம். அதே ஸ்தாயியில் புல்லாங்குழலில் ஒரு ஸட்ஜமம். ஸ்வரம் ஒன்றே. ஆயினும் இது வீணை, இது குழல் என்று கண்ணை மூடிக்கொண்டே குழந்தையும் சொல்லிவிடுகிறதே, எப்படி? சென்ற வாரம் என் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்வி இது.

விடைக்கு வழிகாட்டியவர் சங்கீத வித்துவான் அல்லர்; உஷ்ணத்தைப் பற்றி ஆராய்ந்த பிரெஞ்சுக் கணித நிபுணர் ஜோஸப் ஃபூரியே. எவ்வளவு சிக்கலான அலையும், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருமானால், எளிய அலைகளின் கூட்டமே என்றார் அவர். 1807-ல் அவர் தம் கொள்கையைப் பாரிஸ் பண்டிதர் சபை முன் வைத்தபோது, லக்ராஞ்ச் போன்ற மேதையே ஏற்கவில்லை. 1812-ல் சபை பரிசளித்தது; நிரூபணம் போதாதென்று குறையும் கூறிற்று. ஃபூரியே தளராமல் 1822-ல் அதை நூலாகவே வெளியிட்டார்.

விநாடிக்கு 200 முறை அதிரும் தந்தியின் நாதத்தில் 400, 600, 800 என்ற உப நாதங்களும் மறைந்திருக்கின்றன. குழலிலும் அவை உண்டு. கலந்திருக்கும் அளவுதான் வேறு. குரல் வேறுபாட்டிற்கு இதுவே முக்கிய காரணம்.

தோலின் சமாசாரம் வேறு. ஒரே சீரான வட்டத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால், உப நாதங்கள் 2, 3, 4 மடங்காக வருவதில்லை, 1.59, 2.14, 2.30 என்று இசைவின்றி வருகின்றன. ஆகவே ஓசை உண்டு, சுருதி இல்லை. அப்படியானால் மிருதங்கம் சுருதி சேர்வது எங்ஙனம்?

திருச்சியில் 1888-ல் பிறந்த ஸர் சி. வி. ராமன், 1920-லும் 1934-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் இதை விளக்கினார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி அதிர்வுகளைக் கண்ணால் கண்டார். வலந்தலையின் நடுவே ஏற்றியிருக்கும் கறுப்புக் கரணையின் பாரம், ஒன்பது வகை அதிர்வுகளை ஐந்து இசைந்த நாதங்களாகத் திரட்டிவிடுகிறது!

ஃபூரியேயின் பெயரையே கேளாத தொழிலாளி, சோற்றையும் கல்பொடியையும் குழைத்துப் பூசி, தட்டிக் கேட்டு, மறுபடி பூசி, காதாலேயே கணக்கைத் தீர்த்திருக்கிறார். கச்சேரியில் வித்துவானைக் கொண்டாடும் நாம், வாத்தியம் செய்தவர் பெயரை விசாரிக்கிறோமா?

எல்லாம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்டுவது எளிது. ராமன் அதோடு நில்லாமல், ஏன் என்று கேட்டார். என் மாணவன் கேட்டதும் அந்த வகைக் கேள்வியே. திங்கட்கிழமை வகுப்புக்கு ஒரு மிருதங்கம் இரவல் வாங்கியிருக்கிறேன். மணலை அவன் கொண்டு வருகிறான்.