அலுவலகத்துக்கும் புள்ளி போடுவோம்

தோழர்களே, அரச அலுவலகங்களின் வேலைமுறையை ஐந்து படிகளில் அளக்கும் அளவுகோல் உண்டு. ஆளுக்கொரு விதமாக நடந்தால் முதற்படி. எழுதிவைத்த ஒரே முறையில் எல்லாருக்கும் நடந்தால் மூன்றாம்படி.

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள். முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். அந்தக் காசை எடுக்க ஓர் அம்மாவோடு போனேன். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. ஒரு மேசையில் சத்தியக்கடதாசி போதும் என்றார்கள். அடுத்த மேசையில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். "படிக்காத சனம்" என்ற முணுமுணுப்பு வேறு. பெயரைப் பிழையாக எழுதியது அவரா, கிளாக்கரா?

மேசைக்கு மேசை கணினி வைத்தால் படி ஏறாது. என்னென்ன பத்திரம் வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். எத்தனை நாளில் காசு கொடுக்கிறார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்போம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போட வாருங்கள்.