புட்டி வேண்டாம், தாய்க்குச் சோறு கொடுங்கள்!

அகதிகள் என்றதும் நம்மவர் மனம் இரங்குகிறது. அரிசி, பருப்பு, பழந்துணி சேர்க்கிறோம். கூடவே நாலு டப்பா பால்பவுடரும் பால்புட்டியும் வைத்து அனுப்புகிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த டப்பா முகாமில் போய் என்ன செய்கிறது?

டில்லி மதன்பூர் காதரில் 2021 ஜூனில் ரோஹிங்கியா அகதிகளின் குடிசைகள் தீக்கிரையாயின. வீடிழந்த அப்படிப்பட்ட ஒரு தாயிடம் பால்பவுடரைக் கொடுத்துப் பாருங்கள். கரைக்கக் காய்ச்சிய தண்ணீர் வேண்டும். புட்டியைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். டப்பா தீர்ந்தால் அடுத்ததற்குக் காசு வேண்டும். மூன்றுக்கும் அவள் எங்கே போவாள்? கிடைத்த தண்ணீரில் கரைப்பாள். நாலு நாள் பவுடரை எட்டு நாளுக்கு நீட்டுவாள். குழந்தைக்குப் பேதி காணும். சப்பாத மார்பில் பாலும் குறையும். இலவச டப்பா தீரும்போது தாய்ப்பாலும் இராது.

இது வெறும் அச்சமல்ல. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் பால்பவுடர் நன்கொடையாகக் குவிந்தது. அதைப் பெற்ற சின்னஞ்சிறு குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்குப் பேதி; பெறாதவர்களில் ஏறத்தாழ 12 பேருக்கே.

“பயத்தில் பால் வற்றிவிட்டது” என்பார்கள். அதிர்ச்சியில் பால் இறங்கத் தாமதமாகலாம், அதனால் வற்றிவிடாது. குழந்தையை அடிக்கடி மார்பில் விட்டால் மீண்டும் இறங்கும். அரைவயிறு உண்பவளுக்கும் பால் சுரக்கிறது. ஆனால் அவள் உடம்பைக் கரைத்துக்கொண்டு சுரக்கிறது. பசி தாய்க்கு, மருந்தை மட்டும் குழந்தையின் வாயில் திணிப்பதா?

1981இல் பால்பவுடர் விற்பனைக்குக் கடிவாளமிடும் நெறிமுறையை உலக சுகாதாரப் பேரவையில் 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. நம் நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்ததோடு, அநாதை இல்லங்களுக்கு அன்றி வேறெவருக்கும் புட்டியும் பவுடரும் தானம் செய்யக்கூடாது என்கிறது. தாயை இழந்த குழந்தைக்குப் பவுடர் தேவைப்படலாம். அது மருத்துவப் பணியாளர் பார்வையில் நடக்கட்டும்.

அரசின் கடமை என்ன? 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் ஈழத்தமிழ்த் தாய்க்கு மாதப் பணமும் அரிசியும் உண்டு. அவை போதா என்று நாம் வாதாடியதுண்டு. ரோஹிங்கியா தாய்க்கோ அந்த அளவும் கிடையாது. ஓர் அகதிக்குச் சோறு, இன்னோர் அகதிக்குச் சந்தேகமா? 1983க்குப் பின் நம் இனத்தார் படகேறி வந்ததைக் கண்ட நாம் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

காகிதம் கேட்காமல், கருவுற்ற, பாலூட்டும் தாய்மார் எல்லோருக்கும் அங்கன்வாடிச் சத்துணவு தரப்பட வேண்டும். முகாம்தோறும் நல்ல தண்ணீரும், மறைவாக அமர்ந்து பாலூட்ட ஓரிடமும் வேண்டும். நம் அன்பர்கள் பருப்பும் வேர்க்கடலையும் வெல்லமும் முட்டையும் கொடுக்கட்டும். மறைப்புக்கு நாலு முழத் துணி கொடுக்கட்டும். தாய் உண்டால் பிள்ளை பிழைக்கும்.