தாயார் தொழில்

உதவித்தொகை விண்ணப்பத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்றுதான் முதலாண்டு எழுதினேன். எழுதும்போது நான் அணிந்திருந்தது அம்மா தைத்த சட்டை!

அக்காள் திருமணத்துக்குச் சீர்த்தட்டு மூடும் துணிகள், மணமேடைத் திரை எல்லாம் அம்மா இராப்பொழுதில் மிஷின் மிதித்துத் தைத்தவை. தங்கையின் பட்டுப்பாவாடையில் இரண்டு 'டக்கு' பிடித்துவைப்பாள். அவள் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவாள். ஒரே பாவாடை மூன்று தீபாவளிக்கு வந்தது. (தங்கை அழுதது வேறு கதை.) இதையே கடைத்தெருவில் ஒருவர் தைத்தால் தொழில். வீட்டு வேலை மட்டும் செய்த பெண்களை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வேலை செய்யாதோர் பக்கமே வைத்தது. இந்தக் கணக்கை நான் ஒப்பவில்லை.

இவ்வாண்டு 'தையல்' என்று எழுதினேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்போ கூலி யாருடா தர்றது?" என்றாள்.