மரக்கூழும் ஒரு காப்புரிமையும்

கோவையில் புதுப்பொறிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் நாவில் வரும் பெயர் ஜி. டி. நாயுடு. 1893ஆம் ஆண்டு கலங்கல் சிற்றூரில் பிறந்து, பேருந்து நடத்தி, மின்மோட்டாரும் சவரக் கருவியும் செய்து காட்டிய அவரைப் பற்றிக் கேள்விப்படாத வீடு நம் பக்கத்தில் இராது. இம்மாதம் நாம் காண்பது அவருக்கு வெகுகாலம் பின்வந்த மற்றொரு கோவைக்காரரை. அவர் கையிலெடுத்ததோ, நால்வர் கூடிய இடத்தில் நாம் வாய்திறவாத ஒரு பொருள். குடும்ப இதழில் இதை எழுதலாமா என்று சற்றே தயங்கினேன். பெண்மக்கள் உள்ள வீட்டுக்கு இதைவிடத் தேவையான செய்தி ஏது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளி ஒருவரின் மகன். தந்தை விபத்தில் இறந்தபின் தாயார் கூலிவேலை செய்து வளர்த்தார். பையன் 14ஆம் வயதில் பள்ளியை விட்டு உழைக்கப் போனான். 1998இல் திருமணம் ஆயிற்று. மனைவி சாந்தி எதையோ மறைத்து எடுத்துச் செல்வதை ஒருநாள் கண்டு கேட்டார். மாதவிலக்குக்கான பழந்துணி அது! கடையில் விற்கும் நாப்கினை வாங்கினால் பாலுக்கு வைத்த காசு போய்விடும் என்று அவர் கூறிய விடைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

பஞ்சை வைத்துத் தாமே செய்து பார்த்தார், பயன்படவில்லை. சோதித்துச் சொல்லப் பெண்கள் கூசினர். முடிவில் காற்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தம் உடலிலேயே கட்டிக்கொண்டு நடந்தார். ஊரார் அவருக்கு ஏதோ நோய் என்றனர். மனைவி பிறந்தகம் சென்றார். பின்னர்த் தாயாரும் பிரிந்தார். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பர். சில ஆண்டுகளுக்குப் பின் மனைவி திரும்பி வந்தார் என்பது ஆறுதல்.

குறை எங்கே என்று கண்டறியவே இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. பெரிய கம்பெனிகள் வைப்பது வெறும் பஞ்சன்று. பைன் மரக்கூழிலிருந்து பிரித்த நார். அதுவே ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும். ஆனால் அதைச் செய்யும் அயல்நாட்டு எந்திரத்தின் விலை கோடிக்கணக்கில் இருந்தது. முருகானந்தம் வேலையை நான்காகப் பிரித்தார். சமையலறை மிக்சியைப் போன்ற ஒன்றில் மரக்கூழ் அட்டையைப் பஞ்சுபோல் உதிர்ப்பது, அதை அச்சில் அழுத்துவது, மெல்லிய துணியில் பொதிந்து ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது. அவ்வளவே. விலை ஏறத்தாழ 65,000 ரூபாய். 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இதைக் காட்டினார்; தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் பரிசும் கிடைத்தது.

இனி, காப்புரிமை. பேடண்ட் என்றால் பலருக்கும் எளிதில் விளங்கும். இது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே உள்ள ஓர் ஒப்பந்தம் எனலாம். பொறியின் சூட்சுமம் முழுவதையும் அவர் எழுத்தில் வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகள் அவர் இசைவின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. தவணை தீர்ந்தால் அது பொதுச்சொத்து. பூட்டி வைப்பதே காப்புரிமை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பூட்டுத்தான்; ஆனால் சாவி எவர் கையில் என்பதை உரிமையாளர் முடிவு செய்யலாம்.

முருகானந்தம் பெரிய கம்பெனிகளுக்கு அந்த உரிமையை விற்க மறுத்தார். பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கே எந்திரத்தைக் கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ வந்தது. 2019இல் ஆஸ்கர் பெற்ற குறும்படம் ஒன்றில், உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்ப் பெண்கள் இயக்குவது அவருடைய எந்திரத்தைத்தான். தயாரிக்கும் சரக்குக்கு ஒவ்வொரு குழுவும் தான் விரும்பிய பெயரைச் சூட்டித் தன் ஊரிலேயே விற்றுக்கொள்ளலாம்.